நடுவில் போட்ட நாற்காலி

எங்கள் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பிரிய வேண்டுமென்றால் முதலில் அவர் வந்து நாற்காலி போட வேண்டும். வக்கீல், போலீஸ், சிரம்பான் பதிவு அலுவலகம் எல்லாம் அப்புறம்தான். பெடாஸிலிருந்து லிங்கி வரை மலேசியச் செம்பனை மரங்களுக்குள் ஒளிந்து கிடக்கிற தோட்டங்களில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். நாற்காலியை அவரேதான் தூக்கி வருவார். கோயில் மண்டபத்தின் நட்டநடுவில், அம்மனுக்கு நேர் எதிரே தன்னுடையதைப் போடுவார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டும் தனக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று குடையை நீட்டி அளப்பார். ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளச் சொன்னார். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. எழுந்து, தள்ளிப் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தலைவர், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்கு அவர் போட்டி போட்டு ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் டவுனுக்குக் குடிபோய், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்ட பிறகு, அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் இல்லை. ஆனால் டவுனுக்குப் போனவர்களும் சண்டை என்றால் அங்கேதான் திரும்பி வந்தார்கள். குலதெய்வம் மாதிரி அவரும் அங்கேயே இருந்தார். இப்போது அவர் இல்லை. இல்லாதவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையை நன்றாகத் துவைத்துப் போடுவார். மற்றதெல்லாம் கீழே வருகிறது.

அவருக்கு ஒரே ஒரு பெருமைதான். நடுநிலை. "நான் ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கிற ஆள் இல்ல" என்பார். வெண்ணெய் வைத்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணிலும் சுண்ணாம்புதான். "மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? நம்மகிட்ட ரெண்டும் ஒண்ணுலா" என்பார். குடம் யார் தலையில் உடைந்தது என்று மட்டும் கேட்க மாட்டார்.

பேச்சுவார்த்தைக்கு முன் இரண்டு வீட்டிலும் சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். ஒரு வீட்டில் மட்டும் கை நனைத்தால் அந்தப் பக்கம் மனசு சாய்ந்துவிடுமாம். ஆகவே சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் கோழி, சாயங்காலம் பெண் வீட்டில் கோழி. நாட்டுக்கோழியா பண்ணைக்கோழியா என்று விசாரித்து, ஒரு பக்கம் நாட்டுக்கோழி என்றால் மறுபக்கமும் அதையே எதிர்பார்ப்பார். பிரிவது என்று முடிவாகி, பாத்திரம் பண்டம் பங்கு போடும் நிலைக்கு வந்த ஒரு கிழட்டு ஜோடியின் கதை எங்கள் பக்கம் ரொம்பப் பிரசித்தம். கூண்டில் இருந்த கோழிகளைப் பங்கு போடும்போது ஒன்று மிஞ்சிவிட்டது. யாருக்குக் கொடுத்தாலும் ஓரவஞ்சனை. தலைவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கோழியை அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னார். தொடைக்கறி இரண்டையும் அவரே சாப்பிட்டார். யாருக்கும் மனவருத்தம் இல்லை பாருங்கள் என்றாராம்.

பேசி முடித்த பிறகு சத்தியம். அதுதான் அவருடைய தொழிலின் உச்சம். தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றி வைப்பார். புருஷன் ஒரு சத்தியம் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். உடனே இன்னொரு சூடம். பெண்டாட்டி ஒரு சத்தியம் சொல்லி அடிக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் சத்தியம் செய்வது அவர் அகராதியில் கிடையாது. புருஷன் குடிக்க மாட்டேன் என்று அடித்தால், பெண்டாட்டி எதிர்த்துப் பேச மாட்டேன் என்று அடிப்பாள். அவன் சூதாட மாட்டேன் என்றால், இவள் அம்மா வீட்டுக்கு அடிக்கடி போக மாட்டேன் என்பாள். இவளுக்கு என்ன சத்தியம் வாங்குவது என்று தெரியாவிட்டால் எதையாவது தேடிக் கண்டுபிடிப்பார். ஒருத்தி செல்போன் பார்க்க மாட்டேன் என்று அடித்தாள். அவளிடம் செல்போனே இல்லை.

ஒரு தடவை மாப்பிள்ளை கிறிஸ்துவர். சூடத்தில் அடிக்க மாட்டேன், மெழுகுவர்த்தி என்றால் சரி என்றார். தலைவர் அதற்கும் இடம் கொடுத்தார். மெழுகுவர்த்தியைக் கையால் அடித்தால் மெழுகு தெறிக்கும் என்பதால் ஊதி அணைக்கச் சொன்னார். அந்த ஆள் சத்தியம் சொல்லிவிட்டு ஊதினார். பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டாள்.

சிரிக்கிற கதைகள்தான். என் தங்கச்சி புஷ்பா அந்த இடது பக்கத்து நாற்காலியில் உட்காரும் வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சிரம்பான் டவுனை ஒட்டிய ரஹாங்கில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். புஷ்பாவைக் கட்டிக்கொடுத்தது பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற முரளிக்கு. தோட்டத்து வீட்டிலேயே குடித்தனம். நிலா என்று நான்கு வயதில் ஒரு மகள். முரளி குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். கன்னம் வீங்கிப்போய் ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். போலீசுக்குப் போகலாம் வா என்றேன். அதற்குள் முரளியின் அம்மா தலைவரிடம் ஓடிவிட்டார். ஊர்ப் பேச்சை மீறிப் போனால் நம்மைத்தான் தப்பாகப் பேசுவார்கள் என்று புஷ்பாவும் சொன்னாள். சரி, ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போம் என்று போனோம்.

தலைவர் குடையால் அளந்தார். போனில் அலாரம் வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு நேரம். முரளி நேரம் போதாமல் பேசினான். புஷ்பா இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அழுதாள். "உனக்கு நேரம் இன்னும் இருக்கும்மா, அழுறதுன்னா அழு, அதுவும் உன் கணக்குதான்" என்றார். அலாரம் அடிக்கும் வரை மண்டபமே அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி. அவன் கை நீட்டினது தப்பு. நீ அதுக்கு முன்னால என்ன சொன்னே?"

"சோறு ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டுமான்னு கேட்டேன் தலைவரே."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அதை எந்த மாதிரி கேட்டே? சாதாரணமா கேட்டியா, ஒரு மாதிரி கேட்டியா?" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சோறு சூடு பண்றதை எத்தனை மாதிரிங்க கேக்க முடியும்?" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்காரங்க பேசக் கூடாதும்மா. மாப்பிள வீட்டுக்காரங்க பேசினாங்களா பாரு. ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை."

கன்னத்தில் விழுகிற ஓசைக்கு ஒரு கை போதும். இது எனக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தோன்றியது.

சூடம் ஏற்றினார். முரளி, இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் சொல்லி அடித்தான். இரண்டாவது சூடம் ஏற்றியதும் தலைவர் புஷ்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோக மாட்டேன். போலீஸ், வக்கீல் என்று வாசல் தாண்ட மாட்டேன். புஷ்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் அம்மனைப் பார்த்தாள், அடித்தாள். கையை எடுத்தபோது உள்ளங்கை கரிபிடித்துக் கறுப்பாக இருந்தது. "ரெண்டு பக்கமும் சமமா முடிஞ்சிருச்சி" என்று தலைவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

முரளியின் சத்தியம் அடுத்த சம்பளம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என் தங்கச்சி. அவள் தன்னுடையதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் முறிச்சிட்டான்டி. உனக்கு மட்டும் என்ன சத்தியம்?" என்று போனில் கத்தினேன்.

"அவரை அம்மன் கேக்கட்டும்கா. நான் முறிச்சா நிலா தலையில வந்து விடியும். எனக்கு அதான் பயம். வேற எதுவும் இல்ல."

எங்கள் ஆட்களுக்குச் சட்டம் தெரியாது என்று டவுனில் படித்தவர்கள் சொல்வார்கள். தெரியும். அவளுக்குப் போலீஸ் நம்பர் தெரியும். பதிவு அலுவலகம் எந்த மாடி என்றுகூடத் தெரியும். ஆனால் அம்மன் முன்னால் அடித்த சூடத்தை மீறி, பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. எந்தத் தாய்க்கு இருக்கும்? எனக்கு இருந்திருக்குமா என்று கேட்டால், எனக்கும் சந்தேகம்தான். அடிக்கிறவனை அந்தச் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. அடி வாங்குகிறவளைத்தான் வீட்டுக்குள் வைத்துக் கட்டிப் போட்டது. அந்த மனிதர் தராசு என்று நினைத்துப் பிடித்தது விலங்கு.

கட்டினவரே அவிழ்க்கட்டும் என்று நான் அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்பதில் குறையே சொல்ல முடியாது.

"புஷ்பா மேல இருக்கிற சத்தியத்தை எடுத்துவிடுங்க தலைவரே. அவன்தான் முறிச்சிட்டானே."

"எடுக்கலாம். எலுமிச்சம்பழம் அறுத்துக் கழிச்சா போயிடும். ஆனா அவளை விடுவிச்சா அவனையும் விடுவிக்கணும்."

"விடுவிங்க. அதனால என்ன?"

"என்னம்மா இப்படிச் சொல்றே? அவனை விடுவிச்சா, அவன் அடிக்கலாம்னு நானே அனுமதி குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"அவன் இப்பவே அடிச்சிட்டுத்தானே இருக்கான்?"

"அடிக்கிறான். அது தப்பு. ஆனா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன் செய்யிற தப்பு. அதுல ஒரு பயம் இருக்கும்."

நான் அவரை வெறுத்தேன் என்று இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். இல்லை. வெறுப்பதற்கு ஆள் கொஞ்சம் பெரிசாக இருக்க வேண்டும். மோருஞ்சோறும் ஒட்டியிருந்த அந்த மீசையைப் பார்த்தபோது எனக்கு அருவருப்புதான் வந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் அவரிடம் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

பிறகு ஒரு நாள் முரளி புஷ்பாவின் வலது கையை முறுக்கி உடைத்தான். ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வெளியே கொண்டுபோக மாட்டேன் என்ற சத்தியம். டாக்டர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தபோது புஷ்பா இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனி மட்டும் தெரிய மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நேராக அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

மாவுக்கட்டு சேதி தலைவர் காதுக்குப் போயிற்று. மறுபடி உட்கார வேண்டும் என்று ஆள் அனுப்பினார். முரளி வீட்டில் மட்டன் சாப்பிட்டுவிட்டு, என் பக்கம் சாப்பிட ரஹாங் வரை பஸ் ஏறி வந்தார். நான் உலை வைக்கவில்லை. தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க மட்டன், இங்க பிஸ்கட். பரவால்ல, நான் மனசுல சமம் பண்ணிக்கிறேன்" என்று ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியில் நனைத்தார்.

இரண்டாவது பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. முரளி தலை வாரி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தான். புஷ்பா மாவுக்கட்டைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தாள். நிலா என் மடியில். அலாரம், அழுகை எல்லாம் முன்பு மாதிரியே நடந்தது. அதை மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை. கையை உடைத்தது பெரிய தப்பு என்று தலைவர் முரளியைக் கொஞ்சம் காட்டமாகவே கண்டித்தார். கண்டித்துவிட்டு, அதே காட்டத்தோடு புஷ்பாவைக் கண்டிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். கடைசியில், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது தப்பு என்றார்.

"முறிஞ்ச சத்தியத்து மேல புதுசு ஏத்தக் கூடாது. பழசைக் கழிச்சிட்டு, புதுசா ரெண்டு பேரும் அடிங்க" என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக அறுத்தார். சரிபாதியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பாதியை முரளியின் தலையைச் சுற்றி ஒரு பக்கமும், மறுபாதியைப் புஷ்பாவின் தலையைச் சுற்றி மறுபக்கமும் எறிந்தார். "அம்மா சாட்சியா ரெண்டு பேருக்கும் பழைய சத்தியத்துல இருந்து விடுதலை."

தாம்பாளத்தில் சூடத்தை வைத்து ஏற்றினார். முரளி முன்னால் வந்து நின்றான். தலைவர் புஷ்பாவையும் வரச் சொன்னார்.

"வலது கையை நீட்டும்மா."

அவள் சேலைத் தலைப்பை விலக்கினாள். மாவுக்கட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதைப் பற்றிப் பேசத்தான் இத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இடது கையால் அடிக்கட்டுமே என்று யாரோ சொன்னார்கள். பூசாரி பதறிப்போய், அம்மன் முன்னால் இடது கையா, ஆகவே ஆகாது என்றார். முரளியின் அம்மா, வலது முழங்கையால் அடிக்கலாமா என்று கேட்டார். சூடம் எரிந்துகொண்டே இருந்தது.

"நான் மட்டும் அடிச்சிடுறேன் தலைவரே. இனிமே தொட மாட்டேன்" என்று முரளி கையை ஓங்கினான்.

அரைக்கால் மூளை உள்ளவன்கூட அந்த இடத்தில் அடிடா என்று சொல்லியிருப்பான். தலைவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என் தங்கச்சியை அடிக்க ஓங்கியபோது ஒருநாளும் பிடிக்காத கை அது. "ஒருத்தர் மட்டும் அடிச்சா அது ஓரவஞ்சனைப்பா. நாளைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவ கை கூடட்டும். ரெண்டு பேரும் சேந்தே அடிங்க."

சூடம் தானாக எரிந்து அணைந்தது.

அப்போதுதான் புஷ்பா பேசினாள். அலாரம் இல்லாத நேரத்தில் அவள் அந்த மண்டபத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"தலைவரே, அப்போ இப்ப என் மேல சத்தியம் எதுவும் இல்லையா?"

"இல்லம்மா. கழிச்சாச்சே."

"அவர் மேலயும் இல்ல?"

"அவன் மேலயும் இல்ல. ரெண்டு பேரும் சமம்."

"கை கூடுற வரைக்கும்?"

"கை கூடுற வரைக்கும்."

"அம்மன் முன்னால சொல்றீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் தன் நடுநிலைக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மன் முன்னால சொல்றேன்."

புஷ்பா அம்மனைக் கும்பிட ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்தாள். என்னிடம் வந்தாள். "காடியை எடுக்கா. போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றாள். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சாவியை எடுத்தேன். நிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் ஆட்கள் யாரும் ஓர் இடத்திலிருந்து கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வர்றேன் என்பார்கள். அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான் போறேன் தலைவரே" என்றாள்.

"தலைவரே, அவ போறா!" என்று முரளி கத்தினான்.

"நான் எப்படிப்பா தடுக்கிறது? சத்தியம் இல்லையே" என்றார் அவர். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. முரளி ஓடி வந்து என் காரின் மூக்கில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். நான் கதவைப் பூட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தேன். பின்கண்ணாடியில் பார்த்தபோது, அவர் முரளியையும் தடுக்காமல் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரிப்போர்ட் கொடுத்தோம். பிறகு சிரம்பானில் அரசாங்க சமரச அறைக்குப் போனோம். அங்கேயும் பிரிவதற்கு முன் பேச்சு உண்டு. முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா முதலில் கேட்டது ஒரே கேள்விதான். அவரோடு ஒரே அறையில் உட்கார உனக்குப் பயமாக இருக்கிறதா? புஷ்பா ஆமாம் என்றாள். அப்படியானால் வேறு அறை என்று அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்தினார். நாற்காலிகள் எப்படிக் கிடந்தன என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கோர்ட்டில் கேஸ் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் முடிந்தது. நிலா எங்களோடு இருக்கிறாள்.

தலைவர் மட்டும் முடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை பேச்சு பாதியில் நின்றிருந்தது. கோர்ட் தீர்ப்பு வந்த பிறகும், அவர் போய்ச் சேரும் வரைக்கும், ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும் கடைக்குப் போன் செய்வார். கடைசியாகச் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். புஷ்பா பட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். என் கடையிலேயே கனமான கத்தரிக்கோல் அது. என்னால் அரைமணி நேரம்கூடப் பிடிக்க முடியாது. அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் வெட்டுவதை நிறுத்தாமல் பேசினாள்.

"கை கூடிருச்சாம்மா?"

"இன்னும் இல்ல தலைவரே."

"இவ்ளோ வருஷமாவா? டாக்டர் என்ன சொல்றாரு?"

"கஷ்டம்னு சொல்றாரு."

"பாவம். அவசரம் இல்லம்மா. நீ வர்ற வரைக்கும் அவனையும் நான் அடிக்க விட மாட்டேன்" என்றார்.

"அது போதும் தலைவரே" என்று சொல்லிவிட்டு, புஷ்பா அந்த ரவிக்கையின் கழுத்தை ஒரே இழுப்பில் வெட்டி முடித்தாள்.